தாய்க்கு முன் படித்தவர்கள்

போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம் என்றதும் எல்லோருடைய நெஞ்சும் இளகிவிடுகின்றது. மேடையிலே அதனை வாசிப்பவரின் குரல் தழுதழுக்கின்றது; கேட்பவர் கண்களைத் துடைக்கின்றனர்; வாசித்தவர் எந்தப் போரைப் போற்றுகின்றாரோ அந்தப் போரின் கணக்கில் அந்தக் கண்ணீர் வரவு வைக்கப்படுகின்றது. கொழும்பிலே படைவீரர் புகழ் பாடுவோரும் இதனைச் செய்கின்றனர். கடல் கடந்த நகரங்களில் மண்டபம் எடுத்து மாவீரர் புகழ் பாடுவோரும் இதனையே செய்கின்றனர். ஒருவர் கூறுவதை மற்றவர் எள்ளளவும் நம்பாத இவ்விரு சாராரும், இறந்துபோன ஏழைப் பிள்ளையின் கடிதத்தைக் கையாளும் முறையில் மட்டும் உடன்பிறந்தோர் போல ஒத்திருக்கின்றனர்.

கண்ணீர் வடிப்பதை நாம் குறை கூறவில்லை. ஆயின் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மகன் எழுதிய அக்கடிதத்தைத் தாய்க்கு முன் படித்தவர் யார்? எந்த வரியை அவர் வெட்டினார்? எந்தக் கடிதத்தைப் போகவிடாது தடுத்தார்? இக்கேள்வியைக் கேட்காது கடிதத்தை மட்டும் கையில் ஏந்துவோர், தெரிந்தோ தெரியாமலோ தணிக்கையாளனின் பக்கமே நிற்கின்றனர்.

1914இல் மூண்ட உலக யுத்தத்தின்போது பிரித்தானியப் படைவீரனுக்கு அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று கொடுக்கப்பட்டது. தான் நலமாயிருப்பதாக ஒரு வாக்கியம், வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு நன்கு தேறிவருவதாக ஒரு வாக்கியம், கடிதம் கிடைத்ததென ஒரு வாக்கியம், நெடுநாளாகக் கடிதம் கிடைக்கவில்லையென ஒரு வாக்கியம் என அவன் சொல்லக்கூடியவை எல்லாம் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. வேண்டாதவற்றைக் கோடிட்டு அடித்துவிட்டு நாளும் கையொப்பமும் இடவேண்டும். வேறொரு சொல் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதன் தலைப்பிலேயே இருந்தது. பயமாயிருக்கின்றது என்றொரு வாக்கியம் அந்த அட்டையில் இல்லை. இந்தப் போர் எதற்கென்று விளங்கவில்லை என்றொரு வாக்கியமும் இல்லை. மனிதன் தன் தாய்க்கு என்ன சொல்லலாம் என்பதை யுத்த இலாகா தீர்மானித்து, அச்சுக்கூடத்தில் அடித்து, இலட்சக்கணக்கில் விநியோகித்தது.

வெள்ளைச் சிப்பாயின் நிலை இதுவென்றால், அதே யுத்தத்தில் பிரான்ஸ் நாட்டுச் சேற்றுக்குழிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியச் சிப்பாயின் நிலையைக் கூறவேண்டியதில்லை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அங்கு சென்றனர். பெரும்பாலோர் பஞ்சாபின் உழவர் மக்கள், எழுத்தறியாதோர் பலர். எழுதத் தெரிந்த தோழனிடம் சொல்லி எழுதுவித்தனர். ஊரிலும் எழுத்தறிந்த ஒருவரே படித்துக் காட்டினார். இவ்விருவருக்கும் இடையே தணிக்கை அதிகாரி ஒருவர் அமர்ந்திருந்தார். கடிதங்களின் பகுதிகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, சிப்பாய்களின் மனநிலை பற்றிய அறிக்கைகளாக மேலிடம் சென்றன. சிப்பாய்களும் சளைத்தவரல்லர். இந்தியரைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறித்து, எந்த மிளகு தீர்ந்துபோயிற்று, எது இனி அரைபடப்போகின்றது என்று ஊருக்கு எழுதினர். அதிகாரிக்கு அதுவும் விளங்கிற்று. டேவிட் ஒமிசி என்ற வரலாற்றாசிரியர் 1999இல் வெளியிட்ட தொகுப்பு இவ்வறிக்கைகளிலிருந்தே எடுக்கப்பட்டது. ஏனெனில் சிப்பாயின் சொந்த மொழியில் அமைந்த மூலக் கடிதங்கள் மிகப் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அடிமைப்பட்டவனின் குரல் அவனை வேவு பார்த்தவனின் கோப்பிலேதான் எஞ்சியது. அதுவும் வேவு பார்த்தவனின் மொழியிலே.

ஏகாதிபத்தியம் அப்படித்தான் செய்யும் என்று கூறி நாம் ஆறுதலடைய முடியாது. பாசிசத்தை எதிர்த்து மகத்தான போர் புரிந்த சோவியத் செம்படையின் வீரர்கள், உறையில்லாமல் முக்கோணமாக மடித்து வீட்டுக்கு அனுப்பிய கடிதங்களை நாம் அறிவோம். தணிக்கையாளர் பிரித்துப் படிப்பதற்கு வசதியாகவே அவை ஒட்டப்படாமல் சென்றன. பீரங்கிப் படைக் கப்டன் ஒருவர் நண்பனுக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினைக் குறைகூறினார் என்பதற்காக 1945 பெப்ரவரியில் போர்முனையிலேயே கைது செய்யப்பட்டு, எட்டாண்டுத் தண்டனை பெற்றார். சொல்செனித்சின் என்ற அம்மனிதரின் பிற்கால அரசியல் எமக்கு உடன்பாடானதன்று. அது வேறு விடயம். நியாயமான போரை நடத்துவோருக்குப் படைவீரனின் கடிதத்தைக் கண்டு பயம் வராது என்று எண்ணுவோர், அந்தக் கைதையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

நிற்க. ஐரோப்பிய வரலாறு கற்பிப்பது எமது நோக்கமன்று. எமது பேச்சு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் பற்றியது.

அக்கரையை அடுத்த கடலிலே 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுடைய பெயர்கள் இங்கிலாந்தின் கடற்படை நினைவுச்சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நாட்டுப் படைவீரரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பேணுவதற்கு இலண்டனில் இம்பீரியல் யுத்த நூதனசாலை இருக்கின்றது. மூழ்கிய கப்பலைப் பார்ப்பதற்கு உல்லாசப் பயணிகள் மட்டக்களப்புக்கு வந்து சுழியோடுகின்றனர். இறந்தோரை மதிப்பதில் தவறில்லை. ஆனால் அரை நூற்றாண்டின் பின் அதே கரையில் மாண்ட இந்நாட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் எங்கே பொறிக்கப்பட்டுள்ளன? தரவையிலும் தாண்டியடியிலும் மாவடிமுன்மாரியிலும் கண்டலடியிலும் கல்லறைகள் இருந்தன. அரச படைகள் 2007இல் கிழக்கைக் கைப்பற்றிய பின் அவை இடித்துத் தள்ளப்பட்டன. கல்லே மிஞ்சாத இடத்தில் கடதாசி எப்படி மிஞ்சும்?

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின், நகரும் கடலோரமும் படையினர் கையிலும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலங்களின் பெரும்பகுதி இயக்கத்தின் கையிலும் இருந்தன. மண்முனைத் துறையிலும் குருமண்வெளித் துறையிலும் கடந்து சென்றவர்கள் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குப் பயணம் செய்தனர். இந்த நீரைத் தாண்டித்தான் கடிதமும் வரவேண்டும். இயக்கத்துப் பிள்ளையின் கடிதம் தபாற்பெட்டியில் இடத்தக்கதன்று. நெல்லோடும் மீனோடும் சந்தைக்கு வருபவரின் மடியில் மறைந்து வரலாம், வராமலும் போகலாம். பயிற்சி முகாமிலிருந்த பிள்ளைகளுக்கு வீட்டுத் தொடர்பே மறுக்கப்பட்டது. முகாம் வாசல்வரை நடந்துசென்ற பெற்றோர் பிள்ளையைக் காணாமலே திரும்பினர். 1997இல் அரச படைகள் வன்னியில் ஜெயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கியபோது, மட்டக்களப்பு அம்பாறைப் பிள்ளைகள் ஜெயந்தன் படையணியாகக் காடு கடந்து வன்னிக்குச் சென்றனர். அத்தோடு தூரமும் சேர்ந்துகொண்டது. வீட்டில் ஒரு பெயர், இயக்கத்தில் இன்னொரு பெயர். வானொலி சொன்ன பெயர் தன் மகனுடையதா என்பதைத் தாய் அறியமாட்டாள்.

எந்த வீட்டுப் பிள்ளைகள் இவ்வாறு சென்றனர் என்பதைக் கேட்காத இலக்கியம் எமக்கு வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலையில் 1987இலும் 1991இலும், சத்துருக்கொண்டானில் 1990இலும் நிகழ்ந்த படுகொலைகளைக் கண்டு கொதித்து, தாமாகவே சென்றவர்கள் பலர். அந்தக் கொதிப்பை நாம் இழிவுபடுத்தமாட்டோம். ஆனால் அதே 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் மக்கள்மீது துப்பாக்கி திரும்பியபோது, அந்தக் கொதிப்பை எவர் எதற்குப் பயன்படுத்தினர் என்பதையும் கேட்காதிருக்க முடியாது. பின்னர் கொதிப்பும் போதாமற்போயிற்று. 2001 அளவில் மட்டக்களப்பில் வீட்டுக்கொரு பிள்ளை என்ற கட்டளை வந்தது. போடியார் வீட்டுப் பிள்ளைக்குக் கொழும்பும் கனடாவும் திறந்திருந்தன. வயலில் கூலிக்கு நின்றவனின் பிள்ளைக்கும், வாவியில் வலை வீசியவனின் பிள்ளைக்கும் அந்தக் கதவுகள் இல்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் கைச்சாத்தான பின்னும் 3,516 சிறுவர்கள் சேர்க்கப்பட்டதை யுனிசெப் பதிவு செய்திருந்ததாக, 2004 நவம்பரில் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. பதிவுக்கு வராதவை வேறு. 2006இலும் அதன் பின்னரும் கருணா அணி சிறுவர்களைப் பிடித்தபோது, படையினரில் சிலர் அதற்குத் துணைநின்றனர் என்று ஐ.நா. ஆலோசகர் அலன் றொக் பகிரங்கமாகக் கூறினார். பிள்ளைகளைப் பிடிப்பதில் மட்டும் எதிரிகளுக்கிடையே பகை இருக்கவில்லை.

இப்பிள்ளைகள் எழுதிய கடிதங்களில் என்ன இருந்திருக்கும்? கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றையில் எழுதிய பதினைந்து வயதுப் பிள்ளை உலக அரசியலை ஆராய்ந்திருக்க மாட்டாது. வேளாண்மை வெட்டியாயிற்றா, தங்கச்சி பள்ளிக்கூடம் போகின்றாளா, அம்மாவுக்கு இழுப்பு எப்படி, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டிருக்கும். உலகெங்கும் உழவர் வீட்டுப் படைவீரன் இவற்றையே கேட்கின்றான். பஞ்சாபிச் சிப்பாயும் பயிரைப் பற்றியும் கடனைப் பற்றியுமே எழுதினான். போராளிகளின் எழுத்தென இயக்க ஏடுகளில் வெளிவந்தவற்றில் வீரம் உண்டு, சூளுரை உண்டு; வீட்டுக்கு வர விரும்புகின்றேன் என்ற ஒரு வரியை மட்டும் காண்பது அரிது. அந்த வரியை எழுதாத படை உலகில் இருந்ததில்லை என்பதை நாம் உறுதியாகச் சொல்வோம்.

வந்து சேர்ந்த கடிதத்துக்கு நேர்ந்தது என்ன? 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில், பெட்டகத்தின் அடியில் கிடக்கும் ஒரு கடிதம் வீட்டிலுள்ள எல்லோரையும் குற்றவாளியாக்கப் போதுமானது. சுற்றிவளைப்பு என்றால் முதலில் கிளறப்படுவது பெட்டகம். பிடித்துச் செல்லப்பட்டவன் திரும்பிவரும் உறுதியும் இல்லை; 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் ஒரே நாளில் கொண்டுசெல்லப்பட்ட 158 பேரை அவர்களுடைய வீட்டார் பின்னர் காணவேயில்லை. இதனை அறிந்த தாய் என்ன செய்வாள்? படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒருமுறை படிப்பித்துக் கேட்பாள். பல வீடுகளில் அவ்வாறு படித்துக் காட்டக்கூடியவர் ஊர் ஆசிரியர் ஒருவரே. மறுமுறையும் கேட்பாள். பின் அடுப்பில் வைப்பாள். மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையின் கையெழுத்தை எரிக்க நேர்ந்தவளின் துயரத்தை எந்த மேடைப் பேச்சாளரும் தொட்டதில்லை. வாசிப்பதற்குக் கடிதம் இல்லையல்லவா! எரியாமல் எஞ்சியவற்றில் எத்தனையை 2004 டிசம்பர் 26ஆம் நாள் நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் வீடுகளோடு கடல் வாரிச்சென்றது என்பதை எண்ணுவதற்கும் வழியில்லை.

அந்த ஆண்டின் சித்திரையை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. மார்ச் மாதத்தில் இயக்கம் வடக்கென்றும் கிழக்கென்றும் பிளந்தது. ஏப்பிரிலில், புத்தாண்டுக்குச் சில நாட்களே இருக்க, வெருகல் ஆற்றங்கரையில் ஒரே இயக்கத்தின் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டனர். கிழக்கின் அணி கலைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பினர், சிறுவர்கள் பெருந்தொகையினர். மகன் கடிதமாக வராமல் ஆளாகவே வந்துவிட்டான் என்று எத்தனை தாய்மார் அன்று மகிழ்ந்திருப்பார்கள்! மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்கும்படி ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டிகள் ஊர் ஊராகச் சென்று அறிவித்தன. தாயின் பெயருக்கு ஒரு வரி எழுதப் பிள்ளையை அனுமதிக்காதவர்கள், அவளுடன் பேசத் தெரிந்துகொண்ட முறை ஒலிபெருக்கி.

சிங்களக் கிராமத்துத் தாயை இங்கு மறப்போமாயின் எமது எழுத்தும் பொய்யாகும். அநுராதபுரத்திலும் குருநாகலையிலும் மொனராகலையிலும் நிலம் காணாத, வேலை காணாத உழவர் வீடுகளின் பிள்ளைகளே படையில் பெருமளவு சேர்ந்தனர். அவர்களுடைய சம்பளத்தில் வீடு கட்டப்பட்டது, தங்கையின் கலியாணம் பேசப்பட்டது. கடிதம் நின்றால் மூடி முத்திரையிட்ட பெட்டி வரும். சில வீடுகளுக்கு அதுவும் வராது. 1996 யூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் மாண்டனர். அவர்களில் பலரின் உடல்கள் வீடு சேரவில்லை. 1998இல் அரசாங்கம் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதித்தபோது, அது மறைத்தது எதிரியிடமிருந்து மட்டுமா? பிரசன்ன விதானகே 1997இல் உருவாக்கிய ‘புரஹந்த களுவர’ திரைப்படத்தில், நட்டஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட மறுக்கும் கண்தெரியாத தந்தை, மகனுடையதென்று புதைக்கப்பட்ட பெட்டியைத் தோண்டித் திறக்கின்றார். உள்ளே வாழைக்குற்றிகள் கிடக்கின்றன. 2000இல் அமைச்சர் அப்படத்தைத் திரையிடாது தடுத்தார். உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது மக்களைச் சென்றடைந்தது. ஒரு வாழைக்குற்றியைக் கண்டு அரசு ஏன் அஞ்சிற்று என்பதை எமது மாணவர்கள் சிந்திக்கவேண்டும். படுவான்கரைத் தாயும் அநுராதபுரத்துத் தாயும் தம் பிள்ளைகளின் கடிதங்களை அருகருகே வைத்துப் படிக்கும் நாள் வந்தால், இரு பக்கத்துப் பேச்சாளர்களுக்கும் அன்றோடு தொழில் போய்விடும்.

இப்போது ஆணைக்குழுக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். 1994இல் மூன்று ஆணைக்குழுக்கள். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கான ஆணைக்குழு. 2013இல் பரணகம ஆணைக்குழு. 2016இல் சட்டம் இயற்றி அமைத்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். அதே தாய் ஒவ்வொரு கதவுக்கும் சென்றாள். ஒவ்வொரு முறையும் அவளிடம் ஆவணம் கேட்கப்பட்டது. முறைப்பாட்டுப் பிரதி எங்கே? அடையாள அட்டைப் பிரதி எங்கே? கடைசியாக எப்போது தொடர்பு கொண்டான், அதற்கு எழுத்தில் ஏதும் உண்டா? உண்டு, ஐயா, அடுப்பில் உண்டு. தாயைக் கடிதத்தை எரிக்கச் செய்தது எவருடைய சட்டமோ, அவர்களே எரிந்த கடிதத்தைச் சான்றாகக் கேட்பது எந்த நியாயம்? படைத்தரப்பில் காணாமற்போன சுமார் 5,000 பேரின் குடும்பங்களும் பரணகம ஆணைக்குழுவின் பதிவுகளில் இடம்பெற்றன. ஆயின் அவர்களுக்குச் சம்பளப் பதிவேடு உண்டு, படை இலக்கம் உண்டு, அரசின் கையொப்பம் உண்டு. கட்டாயத்தால் கொண்டுசெல்லப்பட்ட கூலிக்காரனின் பிள்ளைக்குப் பதிவேட்டை வைத்திருந்தவர்கள் இன்று இல்லை; இருப்பவர்களிலும் சிலர் பின்னர் அமைச்சர்களாகினர். கருணா என்ற விநாயகமூர்த்தி முரளிதரன் 2009இல் அமைச்சரானார். எந்தப் பிள்ளை எந்தப் பெயரில் எங்கே அனுப்பப்பட்டது என்று ஏதேனும் ஓர் ஆணைக்குழு அவரிடமல்லவா முதலில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்? எழுத்தில் கேட்கப்பட்டவள் தாய்.

எனவே எமது கோரிக்கைகள் மேடைக்கு உரியவையல்ல. காணாமற்போன பிள்ளை பற்றித் தாய் வாயால் சொல்வதே முதற் சான்று என ஏற்கப்படவேண்டும். ஒரு கடிதத்தையோ நிழற்படத்தையோ வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்கக்கூடிய சட்டத்தின் எந்த வடிவமும், எந்தப் புதுப் பெயராலும், ஏற்கப்படலாகாது. இது பழங்கதையன்று. 2021 மே 18ஆம் நாள் கிரான் கடற்கரையில் இறந்தோரை நினைந்து விளக்கேற்றிய பத்துப் பேர் அதே சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டனர். விளக்கேற்றினால் சிறையென்ற நாட்டில், கடிதத்தை வெளியில் எடு என்று எவளிடம் சொல்வது?

வாவிக்கரைப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் கற்கும் மாணவருக்கும் ஒரு வேலை உண்டு. அதனைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. ஜெர்மனியில் பிலிப் விற்கொப் என்ற பேராசிரியர், முதல் உலக யுத்தத்தில் மாண்ட மாணவர்களின் கடிதங்களைத் தொகுத்து 1916 முதல் வெளியிட்டார். ஆயிரமாயிரம் கடிதங்களிலிருந்து தாம் விரும்பிய சிலவற்றையே தெரிந்தெடுத்தார். உழவன் கடிதமும் தொழிலாளி கடிதமும் அதில் இல்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்த பின்னும் அந்நூல் நன்கு விற்பனையாயிற்று. அடுத்த தலைமுறையைப் போருக்கு அனுப்ப அது வசதியாக இருந்தது. 1950இல் வெளிவந்த ஸ்டாலின்கிராட் கடைசிக் கடிதங்கள் என்ற நூலோ பெரும்பாலும் எவரோ இருந்து புனைந்தது என்றே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். சந்தையில் விலை இருந்தால் கண்ணீரும் கள்ளமாகத் தயாரிக்கப்படும்.

ஆகவே, கடிதம் எஞ்சியிருக்கும் வீட்டிலிருந்து அதனை எடுத்துச் செல்லவேண்டாம். படம் பிடித்துக்கொண்டு மூலத்தை அங்கேயே விட்டுவிடுக. பெயரை வெளியிடுவதா இல்லையா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தவேண்டாம். வீரம் குறைவாயிருக்கின்றதே என்று ஒரு வரியையும் விடவேண்டாம். சோற்றைப் பற்றிய வரியே சிலவேளை முக்கியமான வரி. கடிதம் இல்லாத வீடுகளே அதிகமாயிருக்கும். அங்கே உட்கார்ந்து, எரிக்குமுன் கேட்டதில் அவளுக்கு நினைவிருக்கும் சொற்களை அவள் பேச்சிலேயே எழுதிக்கொள்க. அவர்களிற் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்டனர். ஆதலால் அடுத்த விடுமுறைவரை காத்திருக்கவேண்டாம். எழுதியதை வேறெவருக்கும் காட்டுமுன் அவளுக்கே ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுக. அவள் வேண்டாமென்று சொல்லும் வரியை அடித்துவிடுக.